15 ஆடு, 3 புலி, ஒரு பிரிண்டர்

கடலூர் மாவட்டத்துப் பெண்ணாடம் வட்டாரத்துத் திண்ணைகளில் ஆடுபுலி ஆடியவர்கள் அதற்கென்று கடைக்குப் போனதில்லை. கரித்துண்டால் கோடு கிழித்து, ஆட்டுக்கு 15 புளியங்கொட்டை, புலிக்கு 3 கல் வைத்தால் போதும். தாயம் ஆடப் பித்தளைக் கட்டை இருக்கிற வீட்டில் அது உருளும். இல்லாத வீட்டில் ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டை உருளும். பல்லாங்குழிக் கட்டை கிடைக்காவிட்டால் மண்ணில் 14 குழி பறித்துக்கொள்வார்கள். விதி எல்லோர் தலையிலும் இருந்ததால் பொருளுக்கு யாரும் செலவழிக்கவில்லை.

மேலை நாட்டு மேசை விளையாட்டுகள் இதற்கு எதிர்முனை. பெட்டி நிறையப் பிளாஸ்டிக் வீரர்கள், பூதங்கள், தலையணை கனத்தில் விதிப் புத்தகம், மடித்து வைத்த வண்ண வரைபடம். இங்கே வந்து சேரும்போது விலை ஆயிரங்களில்தான் தொடங்கும். பொம்மைகள் மீதான சுங்க வரியை மத்திய அரசு 2020-ல் 20 விழுக்காட்டிலிருந்து 60-க்கும், 2023-ல் 70-க்கும் உயர்த்தியது. 2021 ஜனவரியிலிருந்து பொம்மைகளுக்குத் தரச்சான்றும் கட்டாயமாயிற்று. உள்ளூர்த் தொழிலுக்கு நல்லதுதான். ஆனால் வெளிநாட்டுப் பெட்டியை வரவழைத்து ஆடுவது பெருநகரத்து வசதிக்காரர்களோடு நின்றுபோனது.

கோப்பு சுங்கச்சாவடியில் நிற்பதில்லை. கடந்த இருபது, இருபத்தைந்து ஆண்டுகளில் இந்த விளையாட்டுகளின் துணைநூல்களும் காய்களும் உருவங்களும் தரவிறக்கிக்கொள்ளும் கோப்புகளாக மாறிவிட்டன. சில இலவசம், பல ஒரு சினிமா டிக்கெட்டின் விலை. பிரிண்டர் இருக்கிற இடத்தில் விளையாட்டு இருக்கலாம் என்பது இதன் வாக்குறுதி. அந்த வாக்குறுதி விருத்தாசலம், பெண்ணாடம் போன்ற ஊர்களில் எவ்வளவு தூரம் செல்லும் என்பதுதான் இங்கே கேள்வி. என் பார்வையில் உருவத்தைச் செய்வது ஏறக்குறைய தீர்ந்துவிட்ட பிரச்சினை. தீராதது தமிழில் விதி.

குட்டி உருவங்களை வைத்துப் போர் ஆடுவது ஐரோப்பாவில் படைப்பயிற்சியாகத் தொடங்கியது. பிரஷ்யப் படை அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-ல் வெளியிட்ட போர் விளையாட்டு விதிகள் அந்நாட்டுப் படை முழுவதும் பரவின. அது வீட்டுக் கூடத்துக்கு வந்ததற்குக் காரணம் ஒரு வார்ப்பு உத்தி. லண்டனில் பொம்மை செய்துவந்த வில்லியம் பிரிட்டன், 1893-ல் ஈயச் சிப்பாய்களை உள்ளீடற்று வார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். உருகிய உலோகத்தை அச்சில் ஊற்ற வேண்டும். ஓரத்தில் படிந்தது இறுகியதும் நடுவில் இருப்பதைத் திரும்பக் கொட்டிவிட வேண்டும். உலோகம் மிச்சம், எடை குறைவு, விலையும் குறைவு. கெட்டியாக வார்த்த ஜெர்மன் சிப்பாய்களால் அந்த விலையோடு போட்டியிட முடியவில்லை. எச். ஜி. வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்ற விதிநூலை எழுதியபோது, அதை ஆடிப் பார்க்கச் சிப்பாய்கள் பல வீடுகளில் ஏற்கெனவே இருந்தார்கள். பொருள் மலிந்த பிறகே விதிநூலுக்கு வாசகர் கிடைத்தார்கள் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஊற்றிக் கொட்டும் இதே உத்தி விருத்தாசலத்துச் செராமிக் கூடங்களில் தினசரி வேலை. அதற்குப் பிறகு வருகிறேன்.

1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டை வெளியிட்டார்கள். ஒரு பெட்டியில் மூன்று சிறு புத்தகம், 10 டாலர், முதல் பதிப்பு 1,000 பிரதி. ஒவ்வொருவரும் ஒரு பாத்திரத்தை ஏற்று, ஒருவர் கதை நடத்த, பகடை முடிவு சொல்லும் விளையாட்டு அது. நம் ஊர்க்காரர்களுக்குத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் இருப்பதுபோல, சூழலைச் சொல்லி ஆட்டத்தை நகர்த்த ஒருவர் வேண்டும். அந்த விளையாட்டின் பெயர்பெற்ற பூதங்களில் சில, ஆந்தைத் தலைக் கரடியும் துருப்பூச்சியும், ஹாங்காங்கில் செய்து மலிவுக் கடைகளில் பையாக விற்ற பிளாஸ்டிக் பொம்மைகளிலிருந்து பிறந்தவை. எந்த விலங்கென்று அடையாளம் தெரியாத அந்தப் பொம்மைகளுக்குக் கைகாக்ஸ் பெயரும் குணமும் கொடுத்தார். இன்று அதே பூதங்களின் பிசின் உருவங்கள் நல்ல விலைக்குப் போகின்றன.

துணைநூல் வழக்கம் 1975-லேயே தொடங்கிவிட்டது. மூலவிதியை ஒருமுறை வாங்கியவருக்குப் புதிய ஊர், புதிய பூதம், புதிய மந்திரம் என்று சிறு நூல்களாகத் தொடர்ந்து விற்கலாம். பிடிஎஃப் வந்ததும் அச்சுச் செலவும் கிட்டங்கிச் செலவும் போயின. 2001-ல் ஆர்பிஜி நௌ, 2004-ல் டிரைவ்த்ரூ ஆர்பிஜி என்று கோப்புகளுக்கான கடைகள் வந்தன. இதற்கெல்லாம் வழிவிட்டது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸுக்கு 2000-ல் வந்த திறந்த விளையாட்டு உரிமம். அடிப்படை விதிகளைப் பயன்படுத்தி யாரும் துணைநூல் எழுதி விற்கலாம் என்று அதன் உரிமையாளர் நிறுவனமே எழுதிக் கொடுத்தது. 2016-ல் தொடங்கிய டன்ஜன் மாஸ்டர்ஸ் கில்டு தளம் இன்னும் ஒருபடி மேலே போய், நிறுவனத்தின் சொந்தக் கற்பனை உலகங்களிலும் எழுதி விற்க அனுமதித்தது. எழுதியவருக்கு விலையில் பாதி. 2023 ஜனவரியில் நிறுவனம் பழைய உரிமத்தைத் திரும்பப் பெற முயன்றது. எழுத்தாளர்களும் ஆடுபவர்களும் கொதித்தெழ, அந்த மாதமே ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகள் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியாயின. அப்படிக் கொடுத்ததை இனித் திரும்ப வாங்க முடியாது. பெயரைக் குறிப்பிட்டுவிட்டு யாரும் எந்த மொழியிலும் மொழிபெயர்க்கலாம், விற்கலாம். தமிழிலும்தான்.

மலிவுக்கு ஒரு மறுபக்கம் உண்டு. 2020 ஜூனில், விளையாட்டுக் கோப்புகளை விற்கும் இட்ச் தளம் இன நீதிக்காக ஒரு நிதித்திரட்டு நடத்தியது. குறைந்தபட்சம் 5 டாலர் கொடுத்தவருக்கு ஆயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட விளையாட்டுகளும் துணைநூல்களும் கிடைத்தன; 80 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. நல்ல காரியம். ஆனால் வாங்கியவர்களில் எத்தனை பேர் அவற்றில் பத்தையாவது திறந்திருப்பார்கள்? கோப்பு மலிந்தால் சேமிப்பு பெருகுகிறது. ஆட நாலு பேரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தையும் எந்தக் கடையும் கோப்பாக விற்பதில்லை.

உருவங்களில் மலிவானது காகிதம். 1980-ல் அமெரிக்காவின் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் 'கார்ட்போர்டு ஹீரோஸ்' என்று வண்ண அட்டை வீரர்களை விற்றது. முன்புறம் ஒரு படம், பின்புறம் ஒரு படம், நடுவில் மடித்து நிறுத்தினால் ஆள் தயார். இன்று அதே முறை பிடிஎஃபாகக் கிடைக்கிறது. கணக்கைப் பாருங்கள். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ., உயரம் 297 மி.மீ. ஓர் உருவத்துக்கு 25 மி.மீ. அகலமும், முன்-பின்-அடி மூன்றுக்குமாக 110 மி.மீ. நீளமும் ஒதுக்கினால் ஒரு தாளில் 16 ஆள் நிற்பார்கள். 250 ஜிஎஸ்எம் அட்டையில் கலர் பிரிண்ட் எடுக்க ஜெராக்ஸ் கடையில் 20 ரூபாய் ஆகிறதென்றே வைத்துக்கொள்வோம். ஒரு வீரனின் விலை ஒன்றேகால் ரூபாய். மழைக்காலத்து ஈரத்தில் அட்டை வளையும், இங்க்ஜெட் மை விரல்பட்டால் இழுபடும். லேசர் பிரிண்டில் அந்தத் தொல்லை குறைவு. அடியில் ஒரு ரூபாய் நாணயத்தை ஒட்டினால் மின்விசிறிக் காற்றுக்கும் சாயாது. நாணயத்தையும் கணக்கில் சேர்த்தால் இரண்டேகால் ரூபாய், அதில் ஒரு ரூபாயை எப்போது வேண்டுமானாலும் பிய்த்து எடுத்துச் செலவு செய்யலாம்.

காகிதத்தால் ஆகாததும் உண்டு. பெண்ணாடம் பிரளயகாலேஸ்வரர் கோயிலையே எடுத்துக்கொள்வோம். தேவாரம் பாடிய தூங்கானை மாடம் அது. கருவறை விமானம் படுத்திருக்கும் யானையின் பின்புறம்போல வளைந்தது. வழக்கமான விமானமாக இருந்தால் தட்டுத் தட்டாக வெட்டி மடித்து மேசைமேல் எழுப்பிவிடலாம். யானை முதுகு வளைவு இரண்டு திசையிலும் ஒருசேர வளைகிறது. எந்தத் தட்டைத் தாளும் சுருங்காமல் கிழியாமல் அப்படி ஒரு பரப்பைப் போர்த்தாது. சுவர் காகிதத்தில் வரும், கூரை வராது. அந்தக் கூரைக்கு த்ரீ-டி பிரிண்டரோ களிமண்ணோதான் வேண்டும்.

த்ரீ-டி பிரிண்டர் வீட்டுக்குள் வந்ததற்கு ஒரு காப்புரிமை முடிந்ததே பெரிய காரணம். இழையை உருக்கி அடுக்கடுக்காக இழைக்கும் முறைக்கு ஸ்காட் கிரம்ப் 1989-ல் விண்ணப்பித்த காப்புரிமை 2009-ல் காலாவதியானது. இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் 2005-ல் தொடங்கிய ரெப்ராப் திட்டம், தன் பாகங்களில் பலவற்றைத் தானே அச்சிட்டுக்கொள்ளும் இயந்திரத்தின் வரைபடத்தை இலவசமாகப் பரப்பியிருந்தது. இரண்டும் சேர்ந்து விலையைக் கீழே இறக்கின. இன்று இந்தியாவில் தொடக்கநிலை இழைப் பிரிண்டர் ஏறத்தாழ ஒரு நடுத்தரக் கைப்பேசியின் விலைக்குக் கிடைக்கிறது. ஒரு கிலோ பிஎல்ஏ இழை ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே. 3 கிராம் எடையுள்ள ஓர் உருவத்துக்கு 3 ரூபாய் மூலப்பொருள்.

ஆனால் இழைப் பிரிண்டரின் மூக்கு பொதுவாக 0.4 மி.மீ. 28 மி.மீ. உயர வீரனின் முகத்தில் கண் எங்கே, மீசை எங்கே என்று அதற்குத் தெரியாது. முகம் வேண்டுமென்றால் ஒளியில் இறுகும் பிசின் பிரிண்டர்தான். அடுக்கு ஒவ்வொன்றும் 0.05 மி.மீ., அதாவது 32 மி.மீ. உருவத்துக்கு 640 அடுக்கு. இதில் பலரும் கவனிக்காத ஓர் அனுகூலம் உண்டு. ஓர் அடுக்கு முழுவதும் ஒரே நேரத்தில் இறுகுவதால், தட்டில் ஒரே ஒரு வீரன் நின்றாலும் இருபது பேர் நின்றாலும் ஆகும் நேரம் ஒன்றே. தொல்லைகளும் உண்டு. இறுகாத பிசின் தோலை அரிக்கும். கையுறை, காற்றோட்டம், ஆல்கஹாலில் கழுவுதல் எல்லாம் வேண்டும். கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் விடுவது பாவம். கடைசியாக இறுக வைக்கப் புற ஊதா விளக்கு விற்கிறார்கள். கடலூர் மாவட்டத்து வெயிலுக்கு அது அனாவசியச் செலவு. நடுவில் கரண்ட் போனால் மட்டும் பெரும்பாலும் முதலிலிருந்துதான்.

உருவம் என்றதும் நம் பக்கத்தில் நினைவுக்கு வர வேண்டியது கொலு. மேலை நாட்டில் பொழுதுபோக்காளர்கள் கடையில் தேடி வாங்கும் எல்லாமே இங்கே நவராத்திரிப் படியில் ஏற்கெனவே இருக்கிறது. கல்யாண செட், கிரிக்கெட் செட், தசாவதார செட் என்று கூட்டமாக வாங்குவதும், உயரத்தை அங்குலத்தில் சொல்வதும், நிறம் போன பொம்மைக்கு மறுபடி வண்ணம் பூசுவதும், பூங்காவும் மலையும் குளமும் கட்டி அதற்குள் பொம்மைகளை நிறுத்துவதும் பழகிய காரியங்கள். பண்ருட்டியின் மண் பொம்மைகளும் கடலூர் வண்டிப்பாளையத்தின் காகிதக்கூழ் பொம்மைகளும் இதே மாவட்டத்துச் சரக்கு. அந்தத் தொழிலில் சொத்து அச்சுதான். பொம்மை இந்த வருடம் விற்றுப் போய்விடும், அச்சு அடுத்த வருடத்துக்கும் இருக்கும். த்ரீ-டி பிரிண்டருக்கான எஸ்டிஎல் கோப்பை விற்பவர் செய்வதும் ஏறத்தாழ அதுவே: அவர் அச்சை மட்டும் விற்கிறார், பொம்மையை வாங்குபவரே செய்துகொள்கிறார்.

விருத்தாசலம் பெண்ணாடத்திலிருந்து ரயிலில் அரை மணிக்குள். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே கிடந்த வெண்களிமண் கிட்டத்தில் கிடைத்ததால் அங்கே செராமிக் தொழிற்பேட்டை வளர்ந்தது. ஃபியூஸ் கட்டைகளும் மின்காப்பான்களும் குவளைகளும் பொம்மைகளும் அகல் விளக்குகளும் அங்கே சூளையேறின. செராமிக் தொழில்நுட்பம் சொல்லிக்கொடுக்கும் அரசுக் கல்லூரியும் அங்கேயே இருக்கிறது. பிளாஸ்டிக் மலிந்த பிறகு அந்தச் சூளைகளில் பலவற்றுக்குப் பழைய வேலை இல்லை. அங்கே விளையாட்டு உருவங்கள் செய்யலாமே என்ற யோசனை எளிதாக எழும். நான் அதைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கிறேன்.

காரணம் செய்முறையில் இருக்கிறது. களிமண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் ஊற்றுகிறார்கள். பிளாஸ்டர் நீரை உறிஞ்ச, ஓரத்தில் மண் படிந்து சுவராகிறது. வேண்டிய கனம் வந்ததும் மிச்சக் கூழைக் கொட்டுகிறார்கள். வில்லியம் பிரிட்டனின் ஈயச் சிப்பாய்க்கு அண்ணன் தம்பி. உலர்ந்து, சுட்டு, கிளேஸ் பூசி மறுபடி சுடுவதற்குள் உருவம் சுருங்குகிறது. மொத்தச் சுருக்கம் 12 விழுக்காடு என்றால், 28 மி.மீ. வீரன் வேண்டுமானால் மூல உருவம் ஏறத்தாழ 32 மி.மீ. இருக்க வேண்டும். கணக்கு எளிது, கணினியில் பெரிதாக்கிக்கொள்ளலாம். சிக்கல் வேறு. அந்த அளவில் கை, வாள், ஈட்டி எல்லாம் ஒரு மில்லிமீட்டர் கனம். அச்சைப் பிரிக்கும்போதே ஒடியும், மிஞ்சியது சூளையில் கோணும், தப்பியதன் முகத்தைக் கிளேஸ் மூடிவிடும். உள்வளைவு ஒவ்வொன்றுக்கும் அச்சு இன்னொரு துண்டாகப் பிரிய வேண்டும். ஈட்டி ஏந்திய சோழ வீரனுக்குச் செராமிக் பொருந்தாத பொருள்.

ஆட்டுக்கும் புலிக்கும் அருமையாகப் பொருந்தும். கால் மடக்கிப் படுத்த ஆடு, பதுங்கிய புலி, இரண்டும் உருண்டை வடிவம், ஒடிய எதுவும் இல்லை. கையில் எடுத்தால் கனம் தெரியும், பலகையில் வைத்தால் சத்தம் கேட்கும், மழையில் கிடந்தாலும் கெடாது. 15 ஆடும் 3 புலியும் ஒரு செட். மூல உருவத்தைக் கணினியில் வடித்துப் பிசினில் ஒரே ஒரு முறை அச்சிட்டு, அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுத்தால், பிறகு பிரிண்டர் சும்மா இருக்கலாம். இந்த ஊருக்குப் பிரிண்டர் தொழிற்சாலையாக இருப்பதைவிட அச்சுக்கு மூலம் தரும் கருவியாக இருப்பதே இலாபம். கீழடி அகழாய்வில் சுடுமண் ஆட்டக்காய்களும் பகடையும் கிடைத்திருக்கின்றன. சுட்ட மண் காயில் ஆடுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல.

சட்டத்திலும் ஒரு கண் வைக்க வேண்டும். தரவிறக்கும் உருவக் கோப்புகளில் பெரும்பாலானவை சொந்த உபயோகத்துக்கு மட்டும். அச்சிட்டு விற்க வேண்டுமென்றால் தனி உரிமம், பெரும்பாலும் மாதச் சந்தா. இதைப் பார்க்காமல் கோப்பை வாங்கி நூறு பிரதி அடித்து விற்பது திருட்டு. இங்கே சொந்தமாக வடிப்பவருக்கு வேறொரு பொறி இருக்கிறது. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 15-ஆம் பிரிவின்படி, 2000-ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத் தகுந்த ஒரு வடிவத்தைப் பதியாமல் விட்டு, தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பிரதி எடுத்தால் அதன்மீதான பதிப்புரிமை போய்விடும். ஒரு பொம்மை சிற்பமா, தொழில் வடிவமா என்பது வழக்கறிஞர்கள் வாதாடும் விஷயம். 50 என்பது பொம்மைக்காரருக்கு ஒரு காலை வேலை என்பதால், சூளை பற்றவைக்கும் முன்பே பதிவைப் பற்றி யோசித்துவிடுவது நல்லது.

மலிவு அச்சுக் காகிதத்தில் விளையாட்டை விற்று நிலைத்ததற்கு ஒரு தமிழ் உதாரணம் பரமபதம். வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஒரு துணை வேண்டும், அந்தப் படத்தைக் கோயில் வாசலில் வாங்கலாம், விதி பாட்டிக்குத் தெரியும். இந்த மூன்றும் சேர்ந்ததால் அது விற்றது. இங்கிலாந்துக்குப் போய்ப் பாம்பும் ஏணியுமானதில் நரகமும் சொர்க்கமும் கழன்றுவிட்டன. மைசூர் அரசர் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஏராளமான பலகை ஆட்டங்களைத் தாமே வடிவமைத்தார். அரண்மனையைத் தாண்டி அவை மக்களிடம் பெரிதாகப் பரவவில்லை. நம் காலத்தில் சென்னையில் வினீதா சித்தார்த்தாவின் கிரீடா நிறுவனம் பல்லாங்குழியையும் ஆடுபுலியையும் விதித்தாளோடு பெட்டியில் போட்டு விற்கிறது. பாட்டியின் இடத்தில் விதித்தாள் வந்ததுதான் அதில் நான் கவனிப்பது.

இனி அந்த விதிக்கு வருவோம். பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுகளில் நம் கதைகள் ஆங்கிலத்தில் முன்பே நுழைந்துவிட்டன. 1980-ல் வந்த 'டெய்ட்டீஸ் அண்ட் டெமிகாட்ஸ்' துணைநூலில் இந்திரனுக்கும் ருத்ரனுக்கும் உயிர்ப்புள்ளி எண் போட்டு, வெட்டிச் சாய்க்கத்தக்க எதிரிகளாக அடுக்கியிருந்தார்கள். படித்தால் சிரிப்புதான் வரும். 2022-ல் அஜித் ஜார்ஜ் உள்ளிட்டோர் பொறுப்பேற்றுக் கொண்டுவந்த 'ஜர்னீஸ் த்ரூ தி ரேடியன்ட் சிட்டடல்' தொகுப்பில் பல பண்பாடுகளைச் சேர்ந்த எழுத்தாளர்கள் தங்கள் மரபிலிருந்தே கதைக்களம் அமைத்தார்கள். அது நல்ல மாற்றம். இரண்டுமே ஆங்கிலம், இரண்டுமே நம் ஊர்ப் பையனுக்கு இரட்டைப் பாடம்: முதலில் மொழி, பிறகு விதி.

தமிழில் கதைக்களத்துக்குப் பஞ்சமில்லை. கல்கி 1954-ல் மறைந்தார். அவர் எழுத்து நாட்டுடைமையாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. 'பொன்னியின் செல்வன்' தொடங்குவது வீரநாராயண ஏரிக்கரையில், அதாவது இதே கடலூர் மாவட்டத்து வீராணத்தில். வந்தியத்தேவன் அன்றிரவு கடம்பூர் மாளிகையில் ஒளிந்து கேட்கும் சதியாலோசனை, நாலு பேர் உட்கார்ந்து ஆட ஓர் ஆயத்தக் காட்சி: யார் எங்கே ஒளிவது, யார் பேச்சை யார் கேட்பது, பிடிபட்டால் என்ன சொல்வது. இதை எட்டுப் பக்கத் துணைநூலாக எழுத யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. ஒரு வரைபடம், பத்துக் காகித உருவங்கள், அதற்குரிய விதி இருந்தால் போதும். கிரியேட்டிவ் காமன்ஸில் இலவச நூல்களைத் தமிழில் பரப்ப முடியும் என்பதற்கு ஃப்ரீ தமிழ் இபுக்ஸ் தளம் 2013 முதல் சாட்சி. எழுத்தாளர் இருக்கிறார், பரப்பும் வழி இருக்கிறது, பிரிண்ட் எடுக்கக் கடை இருக்கிறது. ஆனால் விதி எழுதுவது கதை எழுதுவதைப் போல இல்லை. ஆடாதவர் படித்து ஆடும்படி எழுத வேண்டும். எழுதியதைப் பத்துக் கூட்டத்திடம் கொடுத்து, அவர்கள் தடுமாறும் இடத்தை வாய் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். அதற்குக் கதாசிரியரைவிட நல்ல கணக்கு வாத்தியார் உகந்தவர் என்று எனக்குப் படுகிறது.

அப்படி ஒரு விதிநூலை யாராவது எழுதினால், உரிமத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு வேண்டுகோள். நம்மவர்கள் இலவசமாகக் கொடுக்கும்போது 'வணிக நோக்கில் பயன்படுத்தக் கூடாது' என்ற நிபந்தனையைச் சேர்த்துவிடுவது வழக்கம். உழைப்பை யாரோ விற்றுத் தின்றுவிடுவார்கள் என்ற பயம். அந்த ஒரு வரியால் ஜெராக்ஸ் கடைக்காரர் அதைத் தாளாக அடித்து விற்க முடியாது, வண்டிப்பாளையத்தில் அதன் பாத்திரங்களைப் பொம்மையாக்க முடியாது, விருத்தாசலத்துச் சூளைக்காரர் தன் ஆடுபுலிப் பெட்டிக்குள் அதைப் போட முடியாது. பெயரைக் குறிப்பிட வேண்டும், மாற்றி எழுதினால் அதையும் இதே உரிமத்தில் தர வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகள் எழுதியவருக்குப் போதுமான காவல், விற்பவர் விற்றுக்கொள்ளட்டும்.